தொப்பூர் ஓட்டல் கம்ப்யூட்டரில் இருந்த பிராசசர் குறித்து

எனது பெயர் நிர்மலாதேவி, வயது 36, கணவர் பெயர் தீர்த்தகிரி, தற்போது உயிருடன் இல்லை. நல்லம்பள்ளியில் குடியிருக்கிறேன். நாங்கள் இருவரும் அங்கேயே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்தி வந்தோம்.

தொப்பூர் கணவாய் ரோட்டில் ஓட்டல் வைத்திருக்கும் கோவிந்தன் என்பவருக்குக் கேமரா பதிவுக்காக நான்தான் கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுத்தேன். குறைந்த விலையில் கேட்டதால் நான்கு கோர், 3.6 கிகாஹெர்ட்ஸ், 65 வாட் பிராசசர் போட்டேன். படம் காட்டும் கிராபிக்ஸும் அதற்குள்ளேயே இருப்பதால் தனி கார்டு போடவில்லை. கரண்ட் வந்ததும் தானாகப் பதிவு தொடங்கும்படி வைத்திருந்தேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, ஸ்கிரீன் கருப்பாக இருப்பதாகக் கோவிந்தன் போன் செய்தார். தனி கார்டு இல்லாததால் பிராசசர்தான் போய்விட்டது என்று நினைத்தோம். என் கணவர் அதே மாதிரி புதியது ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, "சோத்துக்கு ஒலை வெச்சுடு, வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு பைக்கில் சென்றார். அதன்பின், ஓட்டல் எதிரில் ரோட்டைக் கடக்கும்போது ஒரு லாரி அவர்மேல் மோதி நிற்காமல் போய்விட்டதாகத் தகவல் வந்தது. கம்ப்யூட்டர் பழுது, பதிவு இருக்காது என்று கோவிந்தன் கூறியதால் எந்த லாரி என்று தெரியாமல் போனது.

காரியம் முடிந்த பிறகு, பழுது பார்க்க வேண்டிய அந்தக் கம்ப்யூட்டரை எடுத்துவர நானே சென்றேன். அது ஓடிக்கொண்டிருந்தது. எடுத்துவர ஒயரைக் கழற்றியபோது, பின்பக்கம் மானிட்டர் ஒயர் செருகும் துளைக்குள் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. கோவிந்தனின் மனைவி காசியம்மாளிடம் கேட்டேன். அதற்கு அவர், "பூசைக்குத் தொடைக்கறப்ப ஒயரெல்லாம் கழட்டுனங்க. ஒயரு போற எடந்தான அதுக்கு வாசப்படி, அதான் சந்தனம் வெச்சேனுங்க" என்றார்.

சேலையில் இருந்த ஊக்கைக் கழற்றிச் சுரண்டி எடுத்து ஒயரைச் செருகியதும் படம் வந்தது. பிராசசரில் கோளாறு எதுவும் இல்லை. ஸ்கிரீன் கருப்பாக இருந்த நாட்களிலும் அது பதிவு செய்துகொண்டே இருந்திருக்கிறது.

அதன்பின் அன்றைய பதிவைப் போட்டுப் பார்த்தேன். என் கணவர் பையை நெஞ்சோடு பிடித்தபடி, வந்த லாரிகளைப் போகவிட்டு நின்றார். பிறகு கடந்தார். மோதிய லாரியின் எண் தெளிவாக உள்ளது. காசியம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. பதிவை பென்டிரைவில் ஏற்றி இத்துடன் ஒப்படைக்கிறேன்.

அந்த லாரியைப் பிடிக்க வேண்டும். காசியம்மாள்மேல் எனக்குப் புகார் இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் புதிய பிராசசரின் பெட்டி நசுங்காமல் இருந்தது. அதை இன்னும் பிரிக்கவில்லை. அது தேவைப்படவே இல்லை.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
தீ. நிர்மலாதேவி