கச்சிமுகம்மதுக்கு ஒரு ஏணை

இல்ல முனவ்வறா, நீ ஊசிய வாயில வெச்சிக்கிட்டே இரி. பதில் செல்லத் தேவல்ல, கேட்டாப் போதும். இந்தா, விரிச்சுப் பாரு. இது ஏணையா, கலியாணப் பந்தலா? நான் தைக்கச் சென்னது ஒரு மனுசனத் தூக்க. இதுக்குள்ள எங்கட மனுசனும் அவர்ர ரெண்டு மாடும் படுக்கலாம்!

சும்மா மனுசனுமில்லயே! கச்சிமுகம்மது எண்டா கல்முனைக்குடில ஆருக்குத் தெரியா? அவர் ரோட்டால வந்தா எதிர்ல வாற சைக்கிள்காரன் எறங்கி நிப்பான். அந்த உடம்போட நெல்லு மூட்டைக்கு மேல ஏறிக் குந்திக்கிட்டு, ட்றெக்டர் பெட்டில வரக்க விழுந்து இடுப்பெலும்ப ஒடச்சிக்கிட்டார். நாலு மாசமாக் கட்டில்தான். தூக்குறது ஆரு? நானும் மகள் கமீலாவும். என்ட முதுகு... சரி, அத விடு.

மறுகா மூத்தவன் றஸாக் ஜித்தால ஆசுபத்திரி ஒண்டுல வேல செய்றானே, அவன் பழைய தூக்குற மெஷின் ஒண்ட கப்பல்ல அனுப்பினான். கொக்கு மாதிரி நீட்டுக் கழுத்து, நுனில நாலு கொளுக்கி. பிடிய அமத்த அமத்த மேல எழும்புது. ட்றெக்டர் திருத்துற வேலப்போடி பாண்டிருப்பில இருந்து வந்து பூட்டித் தந்தார். எல்லாம் சரி, ஆள வெச்சித் தூக்குற சீல மட்டும் பெட்டில இல்ல! 'உம்மா, சின்னதெண்டா இறுக்கும், பெரிசெண்டா வழுக்கி உழுவார், வாப்பாவ வடிவா அளந்து தைங்க' எண்டு காயிதத்துல எழுதியிருக்கான்.

மொதல்ல சாக்க வெட்டிக் கட்டினன். சொறியுதாம். மறுகா மீன்வல. தூக்கி எறக்கிப் பாத்தா முதுகெல்லாம் கட்டம் கட்டமா... ரெண்டு பேர் குந்தி டாம் வெளயாடலாம்!

வாற வியாழன் கமீலாட கலியாணக் காவின் கா. வாப்பாதானே மாப்பிள்ளட கையப் பிடிச்சி மகளக் குடுக்கோணும்? படுத்த மேனிக்கே குடுக்கலாமெண்டு காவின் எழுதுற லெப்பயும் செல்லிட்டார். இவர் கதிரைல இருந்துதான் குடுப்பாராம். அதுக்குத்தானே உன்னட்ட ஓடி வந்தன்? நல்ல கென்வசுத் துணியும் தந்தனே!

நேத்து அஸருக்குப் புறகு நீ தைச்சத மாட்டித் தூக்கினம். யா அல்லாஹ்! மெஷின் மேல போகப் போக, மனுசன் உள்ளுக்குள்ள கீழ கீழ போறார். முட்டுக்கால் ரெண்டும் நாடில. வெளியால தெரியிறது மூக்கும் ரெண்டு பெருவிரலும். உள்ளுக்கிருந்து ஒரு சத்தம், 'எறக்கு!' எறக்க ஒரு திருகாணி இரிக்காம். எதெண்டு நான் கண்டனா? கைக்கு ஆப்பிட்டத இழுத்தன், அது சில்லுக்குப் போடுற பிறேக்கு, கழண்டுட்டு! மெஷின் அப்படியே உருண்டு வாசலுக்குப் போகுது, இவர் அதுல ஆடிக்கிட்டுப் போறார். அந்த நேரம் பாத்து மாப்பிள்ளட உம்மா மைமூனா பலகாரத் தட்டத்தோட வாறா. 'லைலா, சம்பந்தி எங்க?' எண்டு கேக்கா. சீலைக்குள்ள இருந்து 'அஸ்ஸலாமு அலைக்கும்' எண்டு வருகுது! தட்டம் கீழ, மைமூனா அதுக்கு மேல. வேலப்போடி வந்து எறக்கக்க மஃரிபு பாங்கும் செல்லிட்டு.

இப்ப செல்லு, இவ்வளவு பெரிசா ஆர் உன்ன...

என்ன? ஊசிய எடுத்துட்டுக் கதை. அளவெடுத்தது ஆரா? நான்தான். நான்தானே அளவுக் கயிறு கொண்டு தந்தன்... எங்க வெச்சி அளந்ததா? அது... மெத்தய அளந்தன் கா. என்ன அப்படிப் பாக்காய்? மெத்த நெறயத்தானே ஆள் கிடக்கார்!

தொட்டு அளக்கேலாது புள்ள. நானும் அவரும் கதைக்கிறல்ல. ஒம்பது நாளா. 'படுத்துக்கிட்டு மகளக் குடுக்க நான் என்ன மய்யித்தா?' எண்டு கேட்டார். பேசாம இருந்திருக்கலாம். என்ட வாய் இரிக்கே... 'மய்யித்தெண்டா நாலு பேர் தூக்குவாங்க, உங்களுக்கு எட்டுப் பேர் வேணுமே' எண்டுட்டன். அவ்வளவுதான், செவர்ப் பக்கம் திரும்பினவர். முப்பது வருசத்துல எனக்கு ஒருநாளும் மொகம் திருப்பாத மனுசன் கா அது. சோறு வெச்சா தின்றார், மொகத்தப் பாக்கிறாரில்ல. நேத்து 'எறக்கு' எண்டாரே, அதுதான் ஒம்பது நாளைக்குப் புறகு எனக்குச் சென்ன ஒரே கத.

இதென்ன, நாடாவ என்ட கைல தாறாய்? நானா? கழுத்தடில இருந்து இடுப்பு நாரியெலும்பு மட்டுமா... ம்ம். துடையச் சுத்தியுமா? அப்ப ஒரு கைய இங்கால போட்டு, ஒரு கைய அங்கால போட்டு... கட்டிப் பிடிக்கிற மாதிரியெல்லோ வரும்! அதுவும் பட்டப் பகல்ல!

சிரியாத கா. கொண்டா நாடாவ. கமீலாவ எங்கயாலும் அனுப்பிப்போட்டு அளந்துக்கிட்டு வாறன்.