மூன்றாவது கடை

டாக்டர், நீங்கள் கொடுத்த படிவத்தில் பதில் எழுத இரண்டு வரிதான் இடம் விட்டிருக்கிறீர்கள். நோயாளிக்கு நான் என்ன உறவு, எவ்வளவு தூரத்தில் குடியிருக்கிறேன், வாரத்தில் எத்தனை முறை பார்க்கிறேன் என்பதையெல்லாம் எழுதிவிட்டேன். 'நோயாளிக்கு இதற்கு முன் மறதி இருந்ததுண்டா?' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதனால் தனித்தாள் எடுத்துக்கொண்டேன். அலுவலகத்திலும் இடம் போதாவிட்டால் 'இணைப்பு காண்க' என்று எழுதித் தாளைக் கோத்துவிடுவோம்.

என் தங்கைக்கு மறதி கிடையாது. சின்ன வயதில் என் பேனாவையும் சாப்பாட்டு டப்பாவையும் அவள்தான் ஞாபகமாக எடுத்துக் கொடுப்பாள். இத்தனைக்கும் நான் அவளைவிட ஆறு வயது மூத்தவன். அவள் மகனுக்கு நாலு வயதில் சர்க்கரை வியாதி வந்தது. தினமும் ஊசி. சர்க்கரை ஏறினால் ஊசி, சட்டென்று இறங்கினால் உடனே இனிப்பு. அதற்காக ஒரு நீலப் பை வைத்திருந்தாள். மேலே ஊசி மருந்துப் பெட்டி, கீழே நாலு ஜூஸ் டப்பாவும் குளுக்கோஸ் வில்லைகளும் போட்ட ஒரு சுருக்குப் பை. அடுக்கும்போது ஒரு தடவை, மூடும்போது ஒரு தடவை, வாசலில் செருப்பு மாட்டும்போது ஒரு தடவை பார்ப்பாள். ஐந்து வருடத்தில் ஒருநாள்கூட அது தவறியதில்லை.

பையனை நாங்கள் வக்கீல் என்று கூப்பிடுவோம். எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பான். "மாமா, பசிக்கலன்னா சாப்பிடக் கூடாதுன்னு சொல்றீங்க, அப்ப எனக்கு மட்டும் ஏன் பசிக்காதப்பவும் குடுக்கறீங்க?" என்பான். பதில் சொல்லி மாளாது.

போன விடுமுறையில் இரண்டு குடும்பமும் சேர்ந்து தீம் பார்க் போனோம். தங்கை, அவள் கணவர், வக்கீல், சின்னவள்; எங்கள் பக்கம் நான், மனைவி, மகள். நுழைவுச் சீட்டு, தங்கும் அறை எல்லாவற்றையும் மாப்பிள்ளையே பதிவு செய்துவிட்டார். எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பெண் கொடுத்த வீட்டுக்காரன் கையைக் கட்டிக்கொண்டு போவதா என்று தோன்றியது. "சாப்பாடெல்லாம் என் பொறுப்பு மாப்பிள்ளை, நீங்க பர்ஸையே வெளிய எடுக்கக் கூடாது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "மச்சான் சொன்னா சரிதான்" என்றார்.

உள்ளே சாப்பாடு என்ன விலை என்று நான் விசாரிக்காமல் இருக்கவில்லை. கூட வேலை செய்பவர் ஒருவர் இரண்டு வருடத்துக்கு முன் போய் வந்திருந்தார். அவர் சொன்னதில் கால் பங்கு கூட்டி வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். அங்கே போய் விலைப்பலகையைப் பார்த்தால் எல்லாம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. தண்ணீர்கூட அப்படித்தான். வெளியிலிருந்து எதுவும் கொண்டுபோக முடியாது. வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். முதல் நாள் மதியம் ஏழு பேர் சாப்பிட்டதற்குக் கொடுத்த பணத்தில் எங்கள் வீட்டில் இருபது நாள் அடுப்பெரியும். குழந்தைகள் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். மற்றவர்கள் கை கழுவப் போனபோது அந்த மீதியை நான் நின்றபடியே தின்றேன்.

அன்று சாயங்காலம் கவுண்டரில் என் கார்டு எடுக்கவில்லை. பின்னால் வரிசை நின்றது. மாப்பிள்ளை தோளுக்குப் பின்னாலிருந்து மெதுவாக, "நான் குடுக்கட்டுமா மச்சான்?" என்றார். "மெஷின்ல ஏதோ கோளாறு" என்று சொல்லி மனைவியின் கார்டை வாங்கிக் கொடுத்தேன். கவுண்டர் பையன் என்னை ஒரு பார்வை பார்த்தான். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மறுநாள் நடந்ததோடு பார்த்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை என்பது இப்போது தெரிகிறது. "கையைக் கடிக்குது மாப்பிள்ளை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதியைப் போட்டிருப்பார். வாய் வரவில்லை.

நோயாளிக் குழந்தைக்கு மட்டும் ஒரு பை கொண்டுபோக அனுமதி உண்டு. டாக்டர் கடிதமும் அதோடு இருக்கும். முதல் நாள் வாசலில் நான் பக்கத்தில் நின்று கவனித்தேன். காவலாளி ஜிப்பைப் பாதி திறந்து, மேலே இருந்த ஊசிப் பெட்டியைப் பார்த்ததும், "போங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்.

எடுத்திருந்த இரண்டு அறையில் எங்கள் அறையில்தான் குளிர்பெட்டி இருந்தது. ஊசி மருந்து கெடாமல் இருக்க, தங்கை இரவில் பையை அடுக்கி எங்கள் அறையில் வைத்துவிட்டுப் போவாள். இரண்டாம் நாள் விடியற்காலையில் நான் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தேன். மனைவி தண்ணீர் சுட வைக்கும் கெட்டிலிலேயே முட்டை அவித்தாள். "பிடிச்சா மானம் போயிடும்ங்க" என்றாள். "நீ குளிக்கப் போ" என்றேன். அவள் போன பிறகு நீலப் பையைத் திறந்தேன். ஊசிப் பெட்டி மேலே இருந்தாக வேண்டும். கீழே சுருக்குப் பை அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டால் பதினாலு முட்டையும் ரொட்டியும் கச்சிதமாக அடங்கும். ஜூஸ் உள்ளே எங்கே பார்த்தாலும் விற்கிறான். தேவைப்பட்டால் ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சுருக்குப் பையை எங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

அன்று மூன்றாவது தடவை பார்க்கத் தங்கைக்கு வாய்க்கவில்லை. அவள் செருப்பு மாட்டும்போது நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். "பை குடு அண்ணா, ஒரு தடவ பாத்துடறேன்" என்று கேட்டாள். "நேத்து நீதானே அடுக்கினே, ஏறு ஏறு, நேரமாச்சு" என்றேன். வாசலில் ஜிப் பாதி திறந்தது, மூடியது. உள்ளே போனதும் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது. மதியம் எல்லாரையும் மரத்தடியில் உட்கார வைத்துப் பையைத் திறந்து காட்டினால் மாப்பிள்ளை என்ன முழி முழிப்பார் என்று நினைத்துப் பார்த்தேன்.

பதினொரு மணி வாக்கில் சின்னவள் கழிப்பறை போக வேண்டும் என்றாள். பெண்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை படகுச் சவாரி வரிசையில் இடம் பிடிக்கப் போனார். வக்கீல் என்னோடு இருந்தான். போகும்போது தங்கை அவனிடம், "கை நடுங்கினா உடனே மாமாகிட்டச் சொல்லு. பையில ஜூஸ் இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் தலையை ஆட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் அவன், "மாமா, கை நடுங்குது" என்றான். நெற்றியில் வியர்த்திருந்தது. வெயிலுக்கு எல்லாருக்கும்தான் வியர்க்கிறது என்று நினைத்தேன். பையிலிருந்து ரொட்டியாவது எடுத்துக் கொடுத்திருக்கலாம். எதிரே ஒரு காவலாளி நின்றுகொண்டிருந்தார். பத்தடியில் ஒரு ஜூஸ் கடை இருந்தது. போனேன். ஒரு டம்ளர் ஜூஸின் விலை, எங்கள் அலுவலகத்தில் நான் ஒரு வாரம் குடிக்கும் டீயின் விலை.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும் டாக்டர். நான் ஒரு நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்காமல் ஒரு துடைப்பம்கூட வாங்கமாட்டோம். இருபத்திரண்டு வருடப் பழக்கம். நுழைவாயில் பக்கத்துக் கடை என்றால் விலை கூடத்தான் இருக்கும், உள்ளே தள்ளிப் போனால் குறையும் என்பது எனக்குத் தெரிந்த கணக்கு. "அடுத்த கடையில பாக்கலாம்டா, வா" என்றேன்.

இரண்டாவது கடை நல்ல தூரம். அங்கேயும் அதே விலை. வக்கீல் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் இங்கே வாங்கவில்லை, ஏன் இன்னும் நடக்கிறோம், ஒரு கேள்வியும் இல்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தான். அவன் வாதாடாமல் வந்ததை நான் கவனித்தேன். சமர்த்தாக வருகிறான் என்று நினைத்துக்கொண்டேன். நடந்தால் சர்க்கரை இன்னும் இறங்கும் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. தங்கை எங்கள் எல்லாருக்கும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

மூன்றாவது கடை படிகளுக்கு மேலே இருந்தது. இருபது படி இருக்கும். ஏறிவிட்டோம். அவனை மேல் படி ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர். குழந்தைக்கு முடியவில்லை என்று சொல்லியிருந்தால் வழி விட்டிருப்பார்கள். என் முறை வந்ததும் கடைப் பெண்ணிடம், "சின்ன டம்ளர் இருக்கா?" என்று கேட்டேன். "இல்ல சார். எல்லாக் கடையிலயும் ஒரே அளவு, ஒரே விலைதான்" என்றாள். அப்போதுதான் பின்னால் சத்தம் கேட்டது.

அவன் எழுந்து என்னிடம் வரப் பார்த்திருக்கிறான். கால் நிற்கவில்லை. கீழே வரைக்கும் உருண்டுவிட்டான். தலையில் அடி. அந்தக் கடைப் பெண் கையில் ஜூஸ் டம்ளரோடு எனக்கு முன்னால் இறங்கி ஓடினாள். காசு கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஜூஸ் குடுத்தியா அண்ணா?" என்று கேட்டாள். "பையில இல்லம்மா. கடைய தேடி ஓடினேன், அதுக்குள்ள..." என்றேன். அவள் சட்டையை விட்டுவிட்டாள். நான் சொன்னதில் பொய் என்று எந்தச் சொல்லையும் காட்ட முடியாது. பையில் இல்லைதான்.

முட்டையையும் ரொட்டியையும் ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பிறகு மாற்றுத் துணி எடுத்து வர என்னை அறைக்கு அனுப்பினார்கள். இரண்டு அறைச் சாவியும் என்னிடம் இருந்தது. கட்டிலுக்கு அடியில் சுருக்குப் பை அப்படியே கிடந்தது. அங்கேயே விட்டால் என் மனைவி பார்ப்பாள். குப்பையில் போடவும் மனம் வரவில்லை, நல்ல பொருள். தங்கையின் பெட்டி திறந்திருந்தது. அவள் புடவைகளுக்கு அடியில் வைத்து, மேலே மடிப்புக் கலையாமல் சரி செய்தேன். பையன் அப்போது உயிரோடுதான் இருந்தான் டாக்டர். அதனால் அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை போய்விட்டான்.

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்துத்தான் அவள் பெட்டியைத் திறந்தாள். சுருக்குப் பையைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். "நான் பையில வச்சேன். வச்சது ஞாபகம் இருக்கு" என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இல்ல, வைக்கலபோல" என்றாள். மாப்பிள்ளை எழுந்து வெளியே போனார். அதற்கப்புறம் அவர் அவளோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. நான் அவள் தலையைத் தடவி, "யாருக்கும் வர்ற மறதிதாம்மா" என்றேன்.

எங்கள் வீட்டில் இப்போது முட்டை வாங்குவதில்லை. மனைவி காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது எட்டு மாதம். அவள் அடுப்பை அணைத்தாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை. பூட்டிய கதவைப் பத்து தடவை இழுத்துப் பார்க்கிறாள். தினமும் காலையில் நான் போய்ச் சின்னவளின் பள்ளிப் பையைத் திறந்து பார்த்துக் கொடுக்கிறேன். "நீ பாத்தா போதும் அண்ணா. என் கண்ண என்னாலயே நம்ப முடியல" என்கிறாள். போன வாரம் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் சின்னவளை மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்கே அனுப்பிவிடப் போகிறார்கள். தங்கையே சம்மதித்துவிட்டாள். "என் கையில குடுக்காதீங்க" என்று அவளே சொன்னாள். இந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் நீங்கள் உங்கள் கருத்தை எழுதப்போகிறீர்கள் என்று தெரியும். அதனால்தான் மறைக்காமல் எழுதினேன். எழுதிய பிறகு பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல் இருக்கிறது. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: இல்லை. அவளுக்கு மறதி எப்போதும் இருந்ததில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தத் தாளைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். படிவத்தில் மட்டும் 'வயதுக்கேற்ற சாதாரண மறதி உண்டு' என்று எழுதியிருக்கிறேன், அதைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னவள் எங்கே இருந்தாலும் நான் வாரம் தவறாமல் போய்ப் பார்த்துக்கொள்வேன். தங்கைக்கு உண்மை தெரிந்தால் என் முகத்தில் விழிக்கமாட்டாள். பிள்ளை போய்விட்டான், பெண்ணும் போகப்போகிறாள், கட்டினவர் பேசுவதில்லை. என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள், டாக்டர்?