எட்டாம் வகுப்பு வரிசை

காலை மின்சார ரயில். தாம்பரம் தாண்டியதும், பல்லாவரம் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா பத்திரிகையை மடித்துக்கொண்டே சொன்னார்: "குண்டு வைக்கிறவனுக்கு என்ன மரியாதை? நாலு சாத்து சாத்தினா உண்மை தானா வரும். என் கிளாஸ்லயே பார்க்கிறேனே."

கீழே மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்தாள். "எம்புள்ள முருகேசன அந்த குண்டு கேசுலதான் போலீசு இட்டுகினு போய் மூணு நாளாச்சு டீச்சரம்மா. உங்ககிட்ட படிச்சவன்தான்."

"கிளாஸ் லீடர் முருகேசனா? அவனா குண்டு வச்சான்?"

"இல்லன்னுதான் சொன்னான். கூட்டாளிங்க பேரச் சொல்லுன்னு அடிச்சாங்களாம். நீங்க லேட்டா வந்தா அவன்தானே ரிஜிஸ்டர்ல பேர் கூப்டுவான்? அந்த எட்டாங்கிளாஸ் பேர அப்டியே ஒப்பிச்சிட்டான். 'அகர வரிசையில ஆள் வச்சிருக்கானுங்க, பெரிய கும்பல்'னு இன்ஸ்பெக்டருக்கு ஒரே சந்தோசமாம். சோறு எடுத்துகினு போனப்ப ஏட்டு சொன்னாரு."

பெட்டியே சிரித்தது. டீச்சரம்மாவும் சிரித்தார்.

"அப்பால, தலைவர் யாருன்னு கேட்டாங்களாம். உங்க பேரச் சொல்லிக்கீறான்."

டீச்சரம்மாவின் சிரிப்பு நின்றது. "அடி தாங்காம உளர்றதை எல்லாம் யாராவது நம்புவாங்களா?"

"அத ஸ்டேசனுக்கு வந்து சொல்லுங்க டீச்சரம்மா. நான் சொன்னா கேக்க மாட்றாங்க. புள்ளைய வுட்ருவாங்க."

பல்லாவரம் வர இன்னும் ஒரு நிறுத்தம் இருந்தது. டீச்சரம்மா குரோம்பேட்டையிலேயே இறங்கிவிட்டார்.