மறிச்சு நிக்காத பிள்ளைங்க

அய்யோ, பிள்ளைங்களத் திட்டாதீங்க கோச்சுத் தம்பி. பாஸ்கெட்பால் ஆடத் தெரியாமலா தோக்குதுங்க? பைய எதுக்கு இப்பவே கட்டுறீங்க, உக்காருங்க. பிள்ளைங்கல்லாம் போயாச்சு. வாட்ச்மேன் வந்து லைட்ட அணைக்கிற வரைக்கும் நம்மள யாரும் எழுப்ப மாட்டாங்க. நான் தினமும் ஆட்டம் பாக்க இந்தப் படியில தான் உக்காந்திருப்பேன், பாத்திருப்பீங்களே? கண்ணாடிக் கடையில வேலை. முடிச்சதும் நேரா இங்க தான்.

நாளைக்கு இங்க நடக்குற மேட்ச்ல தோத்தா டீமையே கலைச்சிருவேன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிட்டாங்களாமே? ம்ம், காதுல விழுந்துச்சு. உங்க வேலையும் போச்சு, பிள்ளைங்க கையிலேர்ந்து பந்தும் போச்சு. அந்தம்மா அப்படித்தான், பூசி மெழுகத் தெரியாது.

என்னது, செல்போனாலயா தோக்குதுங்க? எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. ஏன், ஜெயிக்கிற ஊருப் பிள்ளைங்ககிட்ட செல்போன் இல்லையா? டியூஷன் அங்கயும் தான் இருக்கு. உசரமான பிள்ளைங்கள பெரிய ஊரு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்காரங்க கொத்திக்கிட்டுப் போறாங்கங்கிறது நெசந்தான். அதுக்காக மிச்சம் இருக்கிறதெல்லாம் குள்ளமா என்ன? உங்களுக்கு முன்னாடி இருந்த கோச்சு, தரை வழுக்குதுன்னு சொல்லிட்டுப் போனாரு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

எங்க கோட்ட விடுறாங்கன்னு நீங்களே பாத்தீங்கல்ல? எதிராளி பந்தத் தட்டிக்கிட்டு கூடைக்கு நேரா ஓடி வர்றா. அங்க நம்ம பிள்ளை ரெண்டு கால ஊணி மறிச்சு நிக்கணும். நெஞ்சுல வாங்கிட்டு மல்லாக்க விழுந்தா தப்பு அவ மேல, பந்து நமக்கு. நம்ம பிள்ளைங்க என்ன பண்ணுதுங்க? விருந்தாளி வந்த மாதிரி ஒதுங்கி வழி விடுதுங்க. உங்க ஸ்கூல் மட்டுமில்ல தம்பி, இந்த ஊர்ல எல்லா ஸ்கூலும் அப்படித்தான். எல்லாரும் இந்த ஒரே ஹால்ல தானே ஆடுறாங்க. வெளியூர்க்காரங்க சிரிக்கிறாங்க, அந்த ஊருன்னா யோசிக்காத, நேரா உள்ள போ, கதவு தொறந்தே கெடக்கும்னு.

முன்னெல்லாம் இப்படியா? செவுருன்னு ஒருத்தி இருந்தா. ஆமா, பட்டப்பேரு தான். சொந்தப் பேரச் சொன்னா வாத்தியாருக்கே தெரியாது, செவுருன்னா ஊருக்கே தெரியும். ஒல்லிக்குச்சி. ஆனா மறிச்சு நின்னான்னா நின்னது தான், எப்பேர்ப்பட்டவ வந்து மோதினாலும் நகர மாட்டா. விழுறதுல அவளுக்கு அப்படி ஒரு கொண்டாட்டம்! வீட்ல மெத்தையப் போட்டு விழுந்து விழுந்து பழகுவா. கட்டில் கால் ஒடஞ்சது தான் மிச்சம். எனக்கெப்படித் தெரியுமா? தெரியும், விடுங்க. அவ விழுந்தா ஹாலே கைதட்டும். கூட ஆடுற நாலு பேரும் ஓடி வந்து கையப் புடிச்சுத் தூக்கி விடுவாங்க. அது அவங்க வழக்கம்.

அன்னைக்கும் விழுந்தா. விசில் ஊதியாச்சு, பந்து நமக்கு. மொத்த ஹாலும் எந்திரிச்சுக் கைதட்டுது. நாலு பேரும் சிரிச்சுக்கிட்டே ஓடி வந்து கையப் புடிச்சு இழுத்தாங்க. கை வந்துச்சு தம்பி, ஆளு வரல. அப்பவும் கைதட்டு நிக்கல, நல்லா நடிக்கிறான்னு நெனச்சிட்டாங்க. மோதுனதுல ஒண்ணுமில்லயாம். பொறந்ததுலேர்ந்தே நெஞ்சுல ஏதோ கோளாறு, வெளிய தெரியாம இருந்திருக்குன்னு டாக்டர் சொன்னாரு. யாரு மேல தப்பு சொல்ல? அந்தக் கைதட்டு தான் என்னைய விட மாட்டேங்குது. மழை தகரத்துல விழுந்தாக் கூட எனக்கு அது தான் கேக்குது.

பயமா? நானும் பிள்ளைங்க பயந்து போச்சுங்கன்னு தான் நெனச்சிட்டிருந்தேன். ஆனா இப்ப ஆடுறதுங்க அவளக் கண்ணால கூடப் பாத்ததில்லையே. போன வாரம் தான் எனக்கு வெளங்குச்சு. காய்ச்சல்ல படுத்திருந்தேன்ல, கொஞ்சம் தேவலைன்னதும் லேட்டா வந்து செருப்பு ஸ்டாண்டு பக்கம் நின்னேன். நீங்க ஹெட்மிஸ்ட்ரஸப் பாக்க ஸ்கூலுக்குப் போயிருந்தீங்க. உங்க கேப்டன், அந்தச் சுருட்டமுடி, தன்ன மாதிரி ரெண்டு மடங்கு இருக்கிறவ ஓடி வர்றா, மறிச்சு நின்னுச்சு பாருங்க! தடால்னு விழுந்துச்சு. சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுச்சு. எனக்கு உசுரு போயிட்டு வந்துச்சு. அப்புறம் திரும்புனப்ப என்னையப் பாத்துருச்சு. அடுத்த தடவ ஒதுங்கிக்கிச்சு. எல்லாம் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டுத் தலையக் குனிஞ்சுக்கிச்சுங்க.

வருஷா வருஷம் பெரிய பிள்ளைங்க சின்னதுங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போகுதுங்க போல. படியில ஆன்ட்டி இருக்காங்க, அவங்க முன்னாடி விழுந்துராதீங்கடின்னு. இந்த ஊரு ஆட்டமே அதுல தான் போச்சு தம்பி. வேற ஒண்ணுமில்ல.

என் முன்னாடி விழுந்தா என்னவா? அட, உங்ககிட்ட யாருமே சொல்லலையா? செவுரு என் பொண்ணு தான்.

சரி, அத விடுங்க. நாளைக்கு நான் வரல, அதச் சொல்லத்தான் உங்கள உக்கார வச்சேன். கடையிலயே இருந்துக்கிறேன். ஆன்ட்டி வர மாட்டாங்கன்னு அந்தச் சுருட்டமுடிகிட்ட மொதல்லயே சொல்லிருங்க. விழட்டும், நல்லா விழட்டும். ஜெயிச்சீங்களா தோத்தீங்களான்னு நான் கேக்க மாட்டேன். என் நம்பரப் போட்டுக்கோங்க. பிள்ளை விழுந்துச்சுன்னா, நடு ஆட்டமா இருந்தாலும் பரவால்ல, எனக்கு ஒரு போன் அடிங்க. எந்திரிச்சிருச்சும்மான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்.