அதே அறுபது கணினிகள்

பெருமதிப்புக்குரிய இமாம் அவர்களே, அக்ரா நகரின் டகோம்பா மக்கள் தலைவர் அவர்களே, பழைய இரும்புத் தொழிலாளர் சங்கத் தலைவர் அல்ஹாஜி ஸக்காரி அவர்களே, நமக்குக் கம்பி உரிக்கும் இயந்திரங்கள் தந்த பசுமை இணையத் திட்டத்தின் அதிகாரி மேடம் குவான்சா அவர்களே, மறைந்த நம் செயலாளர் இஸ்ஸஹாக்கு நெய்ண்டூவின் மனைவி மேமுனா அவர்களே, கையில் கிரீஸ் காயாமல் வேலையிலிருந்து நேரே வந்திருக்கும் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் அமைதி உண்டாகட்டும்.

இஸ்ஸஹாக்குவை அடக்கம் செய்து இன்று ஏழாம் நாள். வருகிற திங்கட்கிழமை அந்த இயந்திரங்கள் இங்கேயே இருக்குமா, போகுமா என்று முடிவாகிறது. இரண்டுக்கும் நடுவில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் எடை போடுகிற ஆள். எதை வைத்தாலும் முள் ஓரிடத்தில் நிற்க வேண்டும். இவர் விஷயத்தில் ஏழு நாளாக ஆடிக்கொண்டே இருக்கிறது.

இஸ்ஸஹாக்கு யார்? பதினான்கு வருடம் கம்பி எரித்தவர். கணினி வயரையும் சார்ஜர் வயரையும் பழைய டயரோடு கொளுத்தி, சாம்பலில் செம்பு பொறுக்கியவர். அந்தப் புகைதான் நெஞ்சை அரித்தது என்றார் டாக்டர். இஸ்ஸஹாக்கு யார்? இந்தப் பழைய இரும்பு முற்றத்தில் எரிப்பதை நிறுத்தியவர். ஒவ்வொரு நெருப்பாகப் போய், வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, அடி வாங்கிக்கொண்டு வந்தவர். திட்டத்தின் ஆண்டறிக்கையில் அவர் படம் இரண்டு முறை வருகிறது. நான்காம் பக்கத்தில் பாதிக்கப்பட்டவர். பதினோராம் பக்கத்தில் வல்லுநர். படம் ஒன்று, சட்டை ஒன்று. எந்தப் பக்கத்து மனிதருக்காக இன்று அழுகிறோம்?

வளரும் நாடுகளில் டிஜிட்டல் பொருளாதாரம் மண்ணைக் கெடுக்காமல், ஒருவரையும் விட்டுவிடாமல் வளர வேண்டும் என்று ஹோட்டலில் ஒரு மாநாடு நடந்தது. அவரையும் அழைத்தார்கள். நிகழ்ச்சிநிரல் படிக்க ஆளுக்கொரு புது டேப்லெட் கொடுத்தார்கள். இவர் எழுந்து, "இது பழசானா எங்க போகும்?" என்று கேட்டார். மிக நல்ல கேள்வி, உணவுக்குப் பிறகு பேசுவோம் என்றார் தலைமை வகித்தவர். மூன்றாம் வருடம் அதே டேப்லெட்டுகள் மூட்டையாக நம் முற்றத்துக்கு வந்தன. உணவு இன்னும் முடியவில்லை.

இனி கணினிகளுக்கு வருகிறேன். சென்ற வருடம் திட்டத்திலிருந்து அறுபது மடிக்கணினிகள் வந்து இறங்கின. நாம் படிக்க, பழக, உலகத்தோடு சேர்ந்துகொள்ள அனுப்பப்பட்டவை. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. படித்துச் சொல்ல வேண்டிய இஸ்ஸஹாக்கு ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் மாலையில் திரும்பியபோது அறுபதும் பிரிந்து கிடந்தன. செம்பு ஒரு குவியல், அலுமினியம் ஒரு குவியல், சர்க்யூட் பலகை, பேட்டரி, பிளாஸ்டிக் எல்லாம் தனித்தனி, அவர் கற்றுக்கொடுத்தபடியே.

"என்னடா பண்ணி வச்சிருக்கீங்க?"

"பிரிச்சிட்டோம்ணே. ஒரு பொட்டுப் புகை வரல. வேணா மோந்து பாருங்க."

"டேய், அது உங்களுக்குக் குடுத்ததுடா. நீங்க வச்சிக்க."

"எங்களுக்கா? எங்களுக்கு எவன்ணே முழுசா குடுப்பான்?"

இதைக் கேட்டவன் அப்துல்லாய். அதோ உட்கார்ந்திருக்கிறான். தலையைத் தூக்கு, உன்மேல் தப்பில்லை. பாடம் நன்றாகக் கற்றவன் நீ.

இஸ்ஸஹாக்கு உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார். வந்தவை அறுபது, புகையின்றிப் பிரித்தவை அறுபது. கடலுக்கு அப்பாலிருக்கும் தலைமை அலுவலகம் அதை இரண்டு அறுபதாகப் படித்தது. அறுபது பேர் டிஜிட்டல் உலகில் சேர்ந்தார்கள்; வேறு அறுபது கணினிகள் சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் பிரிக்கப்பட்டன. மக்களும் மண்ணும் ஒரே திட்டத்தில் பிழைத்தார்கள் என்று அறிக்கை வந்தது. பரிசு வந்தது. பார்க்க மூன்று நாட்டு அதிகாரிகள் வந்தார்கள். இயந்திரங்களை இன்னும் மூன்று வருடம் விட்டுவைக்கலாமா என்ற யோசனையும் அந்த அறிக்கையிலிருந்துதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கடிதம் எடுத்தார். அந்த அறுபதும் இந்த அறுபதும் ஒன்றுதான் என்று எழுதியிருந்தார்.

"இத மேடம்கிட்ட குடுத்துடு, ஃபத்தாவு."

"குடுத்தா மெஷினத் தூக்கிட்டுப் போயிடுவாங்கண்ணே."

"போகட்டும்."

"நம்ம பசங்க மறுபடி கொளுத்துவானுங்க."

"கொளுத்துவானுங்க" என்றார். வெகுநேரம் இருமினார். "அப்ப குடுக்காத."

சரியென்று வாசல்வரை வந்தேன். "ஃபத்தாவு, குடுத்துடு" என்றார். இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் மறுபடி மாற்றியிருப்பாரோ என்னவோ. நிற்கவில்லை. மினிபஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மேடத்துக்கு நம் மொழி தெரியாது. ஆசிரியர் சுலேமானா இவ்வளவு நேரம் அவர் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரமாக நிறுத்திவிட்டார். சொல்லுங்கள் சார். விடாமல் சொல்லுங்கள்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று நான் இப்போது உங்கள் சார்பில் உறுதி சொல்ல வேண்டும். எந்தப் பணி? நெருப்பை அணைப்பது ஒரு பணி. உண்மையை எழுதுவது ஒரு பணி. இத்தனை நாள் இரண்டும் ஒன்றென்று நினைத்திருந்தேன். இயந்திரம் போனாலும் கொளுத்தமாட்டோம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் உங்கள் வீட்டு அடுப்பு என் வாக்குறுதியில் எரிவதில்லை. என் மகனும் உங்களில் ஒருவன். அவனுக்காகக்கூட என்னால் சொல்ல முடியாது. எனக்காக மட்டும் சொல்கிறேன். எரித்த கம்பி என் தராசில் ஏறாது.

மேடம், கடிதம் இதோ. வாங்கிக்கொள்ளுங்கள்.

இஸ்ஸஹாக்கு அண்ணே, குடுத்துட்டேன். நீங்க சொன்னது இதுதானான்னு கேக்க எனக்கு வேற ஆள் இல்ல.