பெரியம்மா ஏப்பம் விடாத காலை

என் பெயர் முதல் தாளில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி உயிரியல் பூங்காவில் விசாரித்தால் அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றுதான் வாசற்காவலர் சொல்வார். குண்டான் என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவார். வயது ஐம்பத்திரண்டு. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறத் தெருவில், மாடிப்படிக்கு அடியில் உள்ள வீட்டில் மனைவியுடன் குடியிருக்கிறேன். பூங்காவில் விலங்குகளுக்குத் தீனி தயாரிக்கும் கூடத்தில் சமையல்காரன். இரண்டு மந்திகள் இறந்துபோன வழக்கில், அவற்றுக்குத் தழை கொண்டுவரும் தழைக்காரரைப் பிடித்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிட வேண்டும். அது இல்லாமல் மற்றது எதுவும் விளங்காது. தினமும் காலையில் ஒரு கிழட்டு மந்தியின் முகத்துக்கு நேரே நின்று ஏப்பம் விடுவது என் வழக்கம். தானாக வராத நாட்களில் சோடா குடித்துவிட்டுப் போவேன். இதைக் கேட்டு ஆய்வாளர் ஐயா சிரித்தார். சிரித்ததை எழுத வேண்டாம் என்று அவர் சொல்வதற்குள் எழுத்தர் எழுதிவிட்டார்.

அந்த மந்திக்கு நாங்கள் வைத்த பெயர் பெரியம்மா. இலை தின்னும் மந்திகள் ஐந்து இருந்தன. அவள்தான் மூத்தவள், அவள் மகள் சின்னவள், குட்டி சுமந்திருந்தாள், மற்ற மூன்றும் அவர்களைக் கண்டால் ஒதுங்கிப்போகிற ரகம். தீனித் தொட்டியருகே பெரியம்மா தன் மகளைத் தவிர வேறு யாரையும் அண்டவிட மாட்டாள். மற்றவை மிச்சத்துக்குக் காத்திருக்கும். எங்கள் கூட்டுக்குடும்பத்தில் என் சொந்தப் பெரியம்மாவும் அப்படித்தான் இருந்தார், அதனால்தான் அந்தப் பெயர். இதுவும் வழக்குக்குத் தேவையில்லை என்று ஐயா சொல்கிறார்.

அதன் பிறகு ஏப்பத்தைப் பற்றி. பூங்காவின் கால்நடை மருத்துவரை நாங்கள் டாக்டரம்மா என்போம். இந்த மந்திகளுக்கு வயிறு மாட்டு வயிறு போல அறை அறையாக இருக்கிறது, முதல் அறையில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியிருந்து தழையை நொதிக்கவைத்துத்தான் அதைச் சத்தாக மாற்றிக் கொடுக்கின்றன, அதில் கிளம்புகிற காற்று ஏப்பமாக வெளியேற வேண்டும் என்று அவர் எங்களுக்கு விளக்கியிருந்தார். ஒன்றின் முகத்தில் இன்னொன்று ஏப்பம் விடுவது அவற்றுக்குள் வணக்கம் மாதிரி. நான் பதில் வணக்கம் வைப்பதை ஒருநாள் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "அது ஏப்பம் விட்டா வயிறு நல்லா இருக்குன்னு அர்த்தம். பதிலுக்கு நீங்களும் விடணும்னு நான் சொல்லலையே, குண்டான்." நான் நிறுத்தவில்லை. இந்த வயதில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கம்பியில் முகம் பதிக்கிறவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்?

பழுத்த பழம், கிழங்கு, ரொட்டி இவை அந்தக் கிருமிகளுக்கு ஆகாது, நார் குறைந்து சர்க்கரை கூடினால் வயிறு புளித்துப்போகும், பழம் கொடுத்தால் ஆசைக்கு ஒரு துண்டு என்று எழுதி எங்கள் கூடத்துச் சுவரில் ஒட்டியவரும் டாக்டரம்மாதான். அதற்குக் கீழேதான் நான் என் சட்டையை மாட்டுவேன். படித்திருக்கிறேன். படிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க நான் இங்கே வரவில்லை.

தழைக்காரர் தினமும் விடியலில் மூன்று சக்கர வண்டியில் கிளைகளை ஏற்றிவந்து, கூண்டுக்குள் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டுப் போவார். என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் ஒன்பது வார்த்தை பேசுகிறவர், என்னைப் பார்க்கும்போதெல்லாம் தொப்பையில் தட்டி, "என்ன அண்ணே, இன்னிக்கும் மந்திக்குப் போட்டது போக மிச்சமா?" என்று கேட்கிறவர். அவருக்கும் எனக்கும் பகை கிடையாது, உறவும் கிடையாது.

சென்ற மாதம் ஆற்றுப் பாலத்தைச் செப்பனிட மூடினார்கள். அதன் பிறகு தழை வண்டி வரவில்லை. டாக்டரம்மா பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். எங்கள் கண்காணிப்பாளர் இந்த வேலைக்கு வருமுன் சரக்குக் கிடங்கில் இருந்தவர். தராசு சொன்னால் தெய்வம் சொன்ன மாதிரி அவருக்கு. ஒவ்வொரு கூண்டுக்கும் போகிற தொட்டியைக் காலையில் அவர் முன்னால் நிறுத்துக் காட்ட வேண்டும். குறைந்தால், திருடினாயா என்பார். தழையும் அந்த எடையில்தான் சேரும். தழை இல்லாத முதல் நாள் தராசு முள் மேலேயே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் வாழைப்பழச் சீப்பு ஒன்றை எடுத்துவந்து போட்டேன். முள் கொஞ்சம் இறங்கியது. அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் போட்டேன். மேலே நாலு ரொட்டித் துண்டு. முள் சரியான இடத்துக்கு வந்தது. இருவருக்கும் நிம்மதி. மறுநாளும் அப்படியே செய்தேன், அதற்கு மறுநாளும் அப்படியே செய்தேன்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு எழவில்லை. தொட்டி காலியாகத் திரும்பிவந்தது. தழை தின்னும்போது பாதியைக் கீழே உதிர்த்து, காம்பைக் கடித்துத் துப்பி, கூண்டையே குப்பையாக்கும் மந்திகள். இப்போது தொட்டியின் அடியை விரலால் வழித்து நக்கியிருந்தன. முப்பது வருடமாகச் சமைக்கிறேன். வீட்டில் என் கைச்சமையலை என் மனைவி மூக்கைப் பிடித்துக்கொள்ளாத குறையாகச் சாப்பிடுவாள். என் வாழ்நாளில் முதல் முறையாக என் பாத்திரம் நக்கப்பட்டுத் திரும்பியது. கண்காணிப்பாளர் அதைத் தூக்கிப் பார்த்து, "என்னய்யா, கழுவவே வேணாம் போலிருக்கே. இத்தனை நாளா இலையைப் போட்டு அதுங்களைப் பட்டினி போட்டிருக்கோம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் கிழங்கை இன்னும் குழைய அவித்து, உதிராமல் உருட்டி உருட்டி வைத்தேன். எடைக்காக அல்ல. அதைப் பிரித்து எழுதச் சொல்லி எழுத்தரைக் கேட்டுக்கொள்கிறேன்.

தழை வண்டி திரும்பி வருவதற்கு முந்தைய நாள் காலை, வழக்கம்போல் கூண்டருகே போனேன். பெரியம்மா ஓடிவரவில்லை. நடந்து வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை என் முகத்துக்கு நேரே வைத்து வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. சத்தமும் இல்லை, அந்தப் பச்சை வாடையும் இல்லை. வாயைத் திறந்தபடியே இருந்தாள். ஏதோ சொல்ல வந்து மறந்துபோனவள் போல என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடப்பக்க வயிறு மத்தளம் மாதிரி இறுகியிருந்தது. நான் சோடா குடித்துவிட்டுப் போயிருந்தேன். என் ஏப்பத்தை விட்டேன். அவள் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போய்ச் சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நேற்று நிறையச் சாப்பிட்ட மந்தம் என்று நினைத்தேன். சொல்லப்போனால், பெருமையாகக்கூட நினைத்தேன். அதன் பிறகு அன்றைய தொட்டியை நிறுத்துக் கொண்டுபோய் வைத்தேன்.

மறுநாள் தழைக்காரர் ஊரைச் சுற்றிவந்து தழை கொடுத்தார். வழக்கமான தோப்பு பாலத்துக்கு அப்பால் இருப்பதால் வேறு சாலையோரத்து மரங்களில் வெட்டியதாக அவரே கண்காணிப்பாளரிடம் சொன்னார். அதை மறைக்கத் தெரியாத மனிதர். பெரியம்மா எழுந்து வரவில்லை என்பதால் கிளையைக் கம்பி வழியாக நீட்டினார். அவள் கையால் வாங்கி நாலு இலை தின்றாள். பிற்பகலில் குப்புறக் கிடந்தாள். சின்னவள் மறுநாள் போனாள், வயிற்றுக் குட்டியோடு. பழம் தின்ற வாரம் முழுக்க நன்றாக இருந்தன, தழை வந்தது, செத்தன, ஆகவே நச்சுத்தழை என்று கண்காணிப்பாளர் புகார் எழுதிக் கொடுத்தார். கேட்டால் எனக்கும் அது நியாயமாகத்தான் தோன்றியிருக்கும், அந்தக் காலையை நான் பார்த்திருக்காவிட்டால்.

டாக்டரம்மா திரும்பிவந்து இரண்டு உடல்களையும் அறுத்துப் பார்த்தார். நான் வாளி பிடித்தேன். வயிற்றைத் திறந்ததும் புளித்த மாவின் நெடி வந்தது. உள்ளே என் கிழங்கு உருண்டைகள் கூழாகக் கிடந்தன, மேலே கொஞ்சம் இலை. எது கொன்றது என்று கேட்டேன். ஆய்வுக்கூடத்து முடிவு வராமல் சொல்ல முடியாது, இரண்டுமே உள்ளே இருக்கின்றன, வயிறு முதலில் எப்போது நின்றதென்று தெரிந்தால் சொல்லலாம் என்றார். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பெரியம்மா போல நானும் திறந்தேன், எனக்கும் ஒன்றும் வரவில்லை.

அதிலிருந்து எனக்கு அந்த ஏப்பம் கேட்கிறது. வாழைப்பழத்தை உரிக்கும்போது பிடரிக்குப் பின்னால் கேட்கிறது. திரும்பினால் சட்டைதான் தொங்குகிறது. மீதி மூன்று மந்திகளையும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். காலிக் கூண்டைத் தாண்டும்போது கம்பிக்குள்ளிருந்து, ஆழத்தில் ஆரம்பித்து மேலே வந்து முடிகிற அதே சத்தம் கேட்கிறது. வீட்டில் சாப்பிடும்போது பக்கத்தில் கேட்டு, நீயா விட்டாய் என்று மனைவியைக் கேட்டேன். "வயசான காலத்துல எம்மேல இந்தப் பழி வேறயா" என்று தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். நான் பதில் ஏப்பம் விட்டுப் பார்த்தேன். விட்டால் அது நிற்கிறது. நிற்பதுதான் இன்னும் மோசமாக இருக்கிறது.

சற்று முன் இந்த நிலையத்தில் தழைக்காரரைப் பார்க்க அனுமதித்தார்கள். ஒன்பது வார்த்தை பேசுகிறவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. "நான்தான் நீட்டினேன், அண்ணே. என் கையிலிருந்துதான் வாங்கித் தின்னுச்சு. வேணாம்னு தலையைத் திருப்புச்சு, நான்தான் கெஞ்சித் தின்ன வச்சேன்" என்றார். வீட்டில் அவருடைய பெண் குழந்தை, மந்தி எப்படி இருக்கிறது என்று கேட்கிறதாம், அதற்கு என்ன சொல்வது என்று என்னைக் கேட்டார். நான் நேரே இந்த அறைக்கு வந்தேன்.

ஆகவே நான் சொல்வது இதுதான். பெரியம்மாவின் வயிறு நின்றது தழை வருவதற்கு முந்தைய நாள். அன்று அவள் ஏப்பம் விடவில்லை. அதைக் கேட்க அங்கே இருந்தவன் நான் ஒருவன்தான். தழைக்காரரை விட்டுவிட வேண்டும், பிடிக்க வேண்டிய கை கிழங்கு உருட்டிய கை. நான் கண்ணால் காணாததையும் காதால் கேளாததையும் இதில் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. யாரும் மிரட்டாமல், நல்ல நினைவோடு, படித்துக் காட்டக் கேட்டு ஒப்பிக் கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)

எழுத்தர் குறிப்பு: மேற்படி நபருக்கு இரு காதும் மந்தம் என்பதால், அவர் தமது காதுக் கருவியை மாட்டிக்கொண்ட பின் உரக்கப் படித்துக் காட்டப்பட்டது. சமையல் ஆவி பட்டுக் கெட்டுவிடும் என்பதால் வேலை நேரத்தில், காலையில் கூண்டருகே போகும்போதும், அந்தக் கருவியைத் தாம் மாட்டிக்கொள்வதில்லை என்று, கேட்டபோது சொன்னார்.