பாஸ்வேர்டு கேக்காத டிவி

ஹலோ... ஆங்... ஆங், நாந்தாண்ணா, அம்சா தான். சொல்லு... கேக்குது, கேக்குது... இல்ல, பஸ்ல இல்ல... சத்தமா? அது டிவி ஓடிகினு இருக்குது... ஆங், கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிடுச்சி... ஆங், சாப்ட்டேன்... கனகம்மாசத்திரத்துல தான், இன்னும் கிளம்பல...

இல்லண்ணா. இரு. பொய் சொல்றேன். நான் கனகம்மாசத்திரத்துலயே இல்ல. கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. காலைல உன்கிட்ட பொய் சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினேன். நான் அம்மையார்குப்பத்துல இருக்கறேன். தேவயானி வூட்ல.

ஹலோ?... அண்ணா? லைன்ல இருக்கியா?

ஆங், நம்ம தேவயானி தான். வேற எந்த தேவயானி? உன் கூடப் பொறந்தவ, என் கூடப் பொறந்தவ... கத்தாத... அண்ணா, கத்தாதன்றேன். நீ கத்துவன்னு தெரியும். ஒம்போது வருசமா அந்தக் கத்தலுக்குப் பயந்துகினு தான நான் இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல?

ஏன் வந்தேனா? அவளுக்கு கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க, அதான் வந்தேன். ஆபரேஷன் ஆகி பத்து நாளாச்சி. திருத்தணி பஸ் ஸ்டாண்டுல இவ தெருக்காரம்மா ஒருத்தங்க சொன்னாங்க. கேட்டதுல இருந்து எனக்கு சோறு எறங்கல. உன்னைக் கேட்டா விடமாட்ட. கேக்காம வந்துட்டேன். நாலு மாதுளம்பழம், ஒரு நைட்டி, அவ்ளோதான் எடுத்துகினு வந்தேன்...

ஆங்... ஆங்... ஞாபகம் இருக்குது. நைனா போட்டோ மேல கை வெச்சி நீ சொன்னது நல்லா ஞாபகம் இருக்குது. 'அவ வேற சாதிக்காரனோட போய்ட்டா, நம்ம வூட்ல பொறந்தவங்க யாரும் அவ வாசப்படிய மிதிக்கக் கூடாது, மிதிச்சா நான் செத்ததுக்கு சமம்'னு சொன்ன. நான் மறக்கல. நீதான் மறந்துட்ட.

இன்னாவா?... சரி, சொல்றேன். நடுவுல பேசாம கேளு.

நான் வந்ததும் அவ அழுதா, நான் அழுதேன். அப்புறம் மாத்திரை போட்டுகினு படுத்துட்டா. அவ பொண்ணு யுவஸ்ரீ, ஏழு வயசு, இன்னிக்கு தான் முதல்முதலா பாக்கறேன், என் முந்தானையப் புடிச்சிகினே சுத்துது. டிவி போடுன்னுச்சி. நேத்து காத்துல கேபிள் வயரு அறுந்துடுச்சாம். 'பெரிம்மா, உன் போன்ல ஹாட்ஸ்பாட் போடு, அதுல பொம்மைப் படம் வரும்'னுச்சி. போட்டேன்... ஆங், இந்த போன் தான். நீ புதுசு வாங்கினப்ப, 'பழசை நீ வெச்சிக்க அம்சா'ன்னு குடுத்தியே, அதேதான். உன் சிம்ம மட்டும் கழட்டிகினு குடுத்த. மத்ததெல்லாம் நீ வெச்சிருந்தது அப்டியே தான இருக்குது.

இரு, இரு, அவசரப்படாத. போன வாரம் எங்க வூட்டு டிவிக்கு இந்த ஹாட்ஸ்பாட்ட போட்டேன். இன்னா பாடு தெரியுமா? பாஸ்வேர்டு கேட்டுச்சி. அண்ணிக்கு போன் பண்ணி கேட்டு, ரிமோட்ட வெச்சிகினு ஒவ்வொரு எழுத்தா தேடித் தேடி அமுக்கினேன். 'ஒருவாட்டி போட்டா போதும் அம்சா, அப்புறம் டிவி தானா ஞாபகம் வெச்சிக்கும்'னு அண்ணி தான் சொன்னாங்க.

இங்க கேக்கலண்ணா.

பாஸ்வேர்டே கேக்கல. நான் இங்க அமுக்கினேன், அங்க டிவில உன் பேரு வந்துச்சி. 'கஜபதி'ன்னு. பக்கத்துலயே கனெக்டட்னு வந்துச்சி. அவ்ளோதான், படம் ஓட ஆரம்பிச்சிடுச்சி. கொழந்த கை தட்டுது. நான் ரிமோட்டப் புடிச்சிகினு நின்னுட்டேன்.

ஹலோ... ஹலோ... பேசு.

யாரோ கஜபதியா? சரி, ஊர்ல நூறு கஜபதி இருக்கட்டும். பாஸ்வேர்டும் ஒண்ணாவா இருக்கும்?... இன்னாது? இவ வூட்டுக்காரரு வேடியப்பன் எங்கனா ரோட்ல பாத்து உன்கிட்ட பாஸ்வேர்ட வாங்கினாரா? டிவியத் தலைல தூக்கிகினா ரோட்டுக்கு வந்தாரு? அவரை ஏன் இழுக்கற? அந்த மனுசன் காலைலயே தறிக்குப் போய்ட்டாரு. என்னைப் பாத்து 'வாங்க'ன்னு ஒரு வார்த்த சொன்னாரு, தண்ணி குடுத்தாரு, போய்ட்டாரு. அவர் மேல பழியப் போடாத.

அண்ணா, நான் முட்டாளு தான். ஆனா கொழந்த பேசுமே. 'இது கஜா மாமா போனு தான, உன்கிட்ட எப்டி வந்துச்சி'ன்னு கேட்டுச்சி. கவர கழட்டி பின்னாடி காட்டுச்சி. ஒரு நாய்க்குட்டி ஸ்டிக்கர் இருக்குதே, அது ஒட்டினதாம். நான் ரெண்டு மாசமா அதைப் பாத்துகினு, அண்ணனுக்கு இந்த வயசுல இன்னா நாய்க்குட்டி ஆசன்னு சிரிச்சிகினு இருக்கறேன். இந்த டிவியே மாமா வாங்கிக் குடுத்ததாம். அதோட பொறந்த நாளுக்கு.

கொழந்தைய ஏன் திட்டற?... யாரும் சொல்லிக் குடுக்கல. அதுக்கு இன்னா தெரியும்? அதுக்கு நீ மாமா. அவ்ளோதான் தெரியும்.

...ஆங். இப்ப சொல்லு. எப்போலருந்து?

மூணு வருசமாவா?

மூணு வருசம்... சரி... சரி...

இல்லண்ணா, நீ வந்தது தப்புன்னு நான் சொல்லல. சாமி சத்தியமா சொல்றேன், முதல்ல எனக்கு சந்தோசமா தான் இருந்துச்சி. அண்ணன் மனசு எளகிடுச்சே, எவ்ளோ நல்லதுன்னு சுவத்துல சாஞ்சிகினு சிரிச்சேன். அப்புறம் தான் அம்மா செத்த நாள் ஞாபகம் வந்துச்சி.

அம்மா போயி ஒன்றரை வருசம் தானண்ணா ஆவுது? அப்போ அன்னிக்கு நீ இவ வூட்டுக்கு வந்துகினு போய்கினு தான் இருந்திருக்கற. இல்லியா?... பதில் சொல்லு... ஆங்.

அன்னிக்கு உன் வூட்டு வாசல் கேட்டுகிட்ட நின்னது யாரு? நானு. நீ தான வந்து என் காதுல சொன்ன, 'அவ வருவா, உள்ள விடாத, பங்காளிங்க எல்லாரும் பாத்துகினு இருக்காங்க, நான் போனா கை ஓங்கிடுவேன், நீ போ'ன்னு? நான் போனேன். மாலைய வெச்சிகினு வந்தவளை இந்தக் கையாலதான் தள்ளினேன். 'அம்மாவக் கொன்னதே நீதான்'னு நடு ரோட்ல வெச்சி சொன்னேன். அவ வளையல் ஒடைஞ்சி ரத்தம் வந்துச்சி. கூடவே இந்தக் கொழந்த நின்னுது. மொகத்தக் கூட நான் பாக்கல. அவ ஒரு வார்த்த திருப்பிப் பேசல. கரண்டு கம்பத்துகிட்ட போய் நின்னுகினு இருந்தா.

நீ பந்தல்ல உக்காந்துகினு இருந்த. தலையக் குனிஞ்சிகினு. நான் திரும்பி வந்து உன் பக்கத்துல நின்னுகினு, 'தொரத்திட்டேண்ணா'ன்னு சொன்னேன். நீ 'ம்'ன்ன. அந்த 'ம்' எனக்கு இன்னும் காதுல இருக்குது.

அழாத... இப்ப ஏன் அழற?... அழாதண்ணா. எனக்கு அழுகையே வரல, நீ அழற.

இரு. அவ எழுந்துட்டா. தேவி, படு, எழுந்திருக்காத... ஆங், அவன்தான். அண்ணன் தான். சொல்லிட்டேன்... ஒத்துக்கினான்... இல்ல, நான் சண்ட போடல. நீ படு. தையல் பிரிஞ்சிடும்... இன்னாது?... நீயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினானா? அன்னிக்கு கேட்டுல நான் தள்றப்பயாவது வாயத் தெறந்திருக்கலாமில்லடி?... வாயத் தெறக்காதன்னு யாரு சொன்னா?... அம்மாவா?

அம்மா எப்டி உன்கிட்ட சொல்லுவா?

...

அண்ணா. இவ இன்னா சொல்றா? அம்மா இங்க வந்துச்சா?

உன் வண்டில, பின்னாடி உக்கார வெச்சி கூட்டிகினு வந்தியா? எத்தினி வாட்டி?... நாலு வாட்டியா. அஞ்சு... ஆஸ்பத்திரிக்கு, ஆஸ்பத்திரிக்குன்னு என்கிட்ட சொல்லிகினு கூட்டிகினு போனது இங்கதானா? நான் முட்டி வலிக்குன்னு தைலம் எல்லாம் பையில போட்டு அனுப்பினேனே. அந்தப் பையத் தூக்கிகினு இங்க வந்து இவ கையால சோறு துண்ணுட்டு வந்துச்சா அம்மா?

துண்ணட்டும். நல்லா துண்ணட்டும். எனக்குக் கோவம் அதுல இல்ல.

சாகறதுக்கு முந்தின வாரம், நான் தலை வாரி விட்டுகினு இருக்கறப்போ கேட்டேன். 'அம்மா, தேவயானிய ஒருவாட்டி கூட்டிகினு வரட்டுமா, அண்ணன்கிட்ட நான் பேசறேன்'னு. அம்மா இன்னா சொல்லுச்சி தெரியுமா? 'அவ பேரை எடுக்காத'ன்னுச்சி. மூஞ்சியத் திருப்பிகிச்சி. நான் நம்பிட்டேன். அந்தக் கோவத்துல தான் கேட்டுல நின்னேன். அம்மாவே மன்னிக்காதவள நான் எப்டி உள்ள விடறதுன்னு நின்னேன்.

எல்லாரும் ஒண்ணா இருந்திருக்கீங்க. நான் மட்டும் வெளியில.

ஏன்?... சொல்லு, ஏன்? என்கிட்ட சொன்னா இன்னா ஆயிருக்கும்?

...எனக்கு வாய் பெருசா? ஆங்... ஆங்... என் வூட்டுக்காரர்கிட்ட சொல்லிடுவேன், அவரு பங்காளிங்ககிட்ட சொல்லிடுவாரு. அப்புறம்? ஊருக்குத் தெரிஞ்சா உன் பொண்ணுக்கு நல்ல எடத்துல சம்மந்தம் வராது... ஆங், புரியுது... 'நீ வெறப்பா நின்னதால தான் ஊரு நம்புச்சி'ன்றியா?

இப்ப தாண்ணா நீ உண்மை பேசற. உனக்கு ஒரு ஆளு வேணும். ஊர் கண்ணுக்கு எதிர்ல இவள வெறுக்கறதுக்கு ஒரு ஆளு. நீ நல்ல அண்ணனா பொம்மையும் டிவியும் வாங்கிக் குடுத்துகினு இருப்ப. கெட்டவளா நான் நிக்கணும். இவ தெருவுல இருக்கற கொழந்தைங்களுக்கு கூட என்னைத் தெரிஞ்சிருக்குது. நான் வர்றப்போ ஒரு பொண்ணு, 'யுவஸ்ரீயோட அந்த பெரிம்மா வருது'ன்னு ஓடுச்சி. அந்த பெரிம்மான்னா யாரு? நானு.

யுவா, சத்தத்த கொறைடா கண்ணு... ஒண்ணுமில்ல, மாமா தான் பேசறாரு... அப்புறம் குடுக்கறேன். நீ பாரு.

ம்... சொல்லு... வெள்ளிக்கெழம உன் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம், எனக்கும் தெரியும். எட்டு நாளா உன் வூட்ல நான்தான ஓடிகினு இருக்கறேன்?... ஆங், பள்ளிப்பட்டுல இருந்து மாப்ள வூட்டுக்காரங்க வராங்க... அத்தை மொறைக்கு சீர்த்தட்டு நான்தான் எடுக்கணும், ஆங். எடுக்கறேண்ணா. யாரு மாட்டேன்னா? ஒண்ணே ஒண்ணு. உன் பொண்ணுக்கு ரெண்டு அத்தை. ரெண்டு பேரும் வருவோம். நீ இந்த வூட்டுக்கு வந்து, வேடியப்பனைப் பேரு சொல்லி, 'குடும்பத்தோட வாங்க'ன்னு கூப்பிடு. போதும். பங்காளிங்க கேட்டா, என் தங்கச்சின்னு சொல்லு. ரெண்டு வார்த்த.

...

முடியாதா.

யோசிச்சி சொல்லு... அவளா? அவ வர மாட்டா, அவளுக்கே பழகிடுச்சின்னு நீ சொல்லாத. அவளைக் கேக்கறேன் இரு. தேவி, அண்ணன் கூப்பிட்டா வருவியா?... இன்னாடி, தலைய ஆட்டு, ஆமாவா இல்லியா?... அண்ணா, அவ பொடவை பெட்டியத் திரும்பிப் பாக்கறா. உனக்குப் புரியுதா?

அப்ப நிச்சயதார்த்தத்துக்கு அப்புறமா? கல்யாணம் முடிஞ்சதும்? ஒரு கொழந்த பொறந்ததும்?... வேணாண்ணா, தேதி சொல்லாத.

நான் வெள்ளிக்கெழம வர மாட்டேன். இவளுக்கு இன்னும் ஒரு மாசம் குனிஞ்சி நிமிந்து வேலை செய்யக் கூடாதாம். தண்ணிக் கொடத்த அந்த மனுசன் தறியில இருந்து ஓடி வந்து தூக்கி வெச்சிட்டுப் போறாரு. நான் இங்கதான் இருக்கப் போறேன். என் வூட்டுக்காரர்கிட்ட இப்பவே சொல்லிடப் போறேன். அவரு பங்காளிங்ககிட்ட சொல்லட்டும். எனக்கு வாய் பெருசு தான?... மெரட்டல, நான் செய்யப் போறதச் சொல்றேன்... 'அத்தை எங்க'ன்னு கேட்டா, தங்கச்சியப் பாத்துகினு இருக்கான்னு சொல்லு. எந்தத் தங்கச்சின்னு கேப்பாங்க. நீயே பதில் சொல்லு.

இல்ல... இல்லண்ணா... அம்மா பேரச் சொல்லாத. அம்மாகிட்ட நான் சண்ட போட முடியாது, அதுக்குத் தெரிஞ்சி தான் அது போய்டுச்சி. உன்கிட்ட தான் போட முடியும்.

நைனா போனப்ப எனக்குப் பதினோரு வயசு. அன்னியிலருந்து நீ சொன்னா சரின்னு இருந்தேன். யாரைக் கட்டிக்கன்னியோ கட்டிகினேன். யாரோட பேசாதன்னியோ பேசல. உன்னைக் கேக்காம ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஒரு பொய் சொல்லிட்டு வந்தேன். வழி பூரா பஸ்ல, அண்ணனுக்கு துரோகம் பண்றோமேன்னு நெனச்சிகினே வந்தேன்.

...ஆங், இருக்கறேன்... கேக்குது...

வரியா? இங்கயா? நேர்ல பேசிக்கலாமா?... சரி, வா. இன்னிக்கேவா?... ம்... நீ கால்ல விழணும்னு நான் கேக்கலண்ணா, எதுக்கு அதெல்லாம். வா. இவ கையப் புடிச்சி ரெண்டு வார்த்த பேசு. எப்ப கிளம்பற? இப்ப மணி நாலு தான ஆவுது?

...இன்னா?

இருட்டினதுக்கு அப்புறமா?

...

வேணாண்ணா. இருட்டினதுக்கு அப்புறம் வர்ற அண்ணன் அவளுக்குப் போதும்னா அவ வெச்சிக்கட்டும். எனக்கு வேணாம். போன வெக்கிறேன்.